சங்கேத மின்னஞ்சல்: பூட்டு உடைபடுவது எங்கே?

(குத்தாலத்தில் களப்பணியாளர்களுக்கும் மாணவர்களுக்குமாக நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலை அமர்வில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி விரிவாகப் பேசினார்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டம், 2015இல் திருத்தம் செய்து அதில் சேர்த்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் அதில் உள்ள உரிமைகள் எல்லாம் வந்தது. நான் அதே இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு வழக்கு என்றால் நாம் என்ன செய்கிறோம்? சாட்சிகள் பெயரை எழுதி, யார் யார் என்ன பார்த்தார்கள் என்று தட்டச்சு செய்து, வழக்கறிஞருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம். அந்தப் பட்டியலில் மூணாவது பெயராக இருக்கிற அம்மா நாளைக்கு நடவுக்கு யார் வயலுக்குப் போகணும்? யாருக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகிறாரோ அவர் வயலுக்குத்தான். பெயர் முன்னாலேயே தெரிஞ்சுபோச்சுன்னா, கூலி வேலை கிடையாது, கொல்லைப்பக்கம் போக வழி கிடையாது. வழக்கு கூண்டேறும் நாளில் அந்த அம்மா வாய் திறக்கமாட்டார். பிறழ் சாட்சி என்று எழுதி மூடிவிடுவார்கள்.

ஆக இது பட்டணத்துப் பிள்ளைகளின் கணிப்பொறி விளையாட்டு இல்லை. சேதி சுமக்கிற வேலை நமக்குப் புதுசும் இல்லை. ஊர் ஊராக நடந்து கேதம் சொல்லப்போகிற வேலையை நம் பாட்டன்மார் தலையில்தான் கட்டினார்கள். சேதி அவர்களுடையது, நடை நம்முடையது. இன்றைக்குச் சேதி நம்முடையதாக இருக்கிறது. அதைச் சுமக்கிற கம்பியும் பெட்டியும் யாருடையது என்பதுதான் கேள்வி.

முதலில் சங்கேத மின்னஞ்சல் என்றால் என்ன என்று சுருக்கமாக. சாதாரண மின்னஞ்சல் போஸ்ட் கார்டு மாதிரி. இப்போது வழியில் அதை ஓரளவு மூடித்தான் எடுத்துப்போகிறார்கள், ஆனால் அஞ்சலை வைத்திருக்கிற நிறுவனம் படிக்கலாம், அந்த நிறுவனத்திடம் அரசு கேட்டு வாங்கலாம். சங்கேத மின்னஞ்சலில் கடிதம் உங்கள் கணிப்பொறியிலேயே குழப்பெழுத்தாகி, பெறுபவரின் கணிப்பொறியில்தான் திரும்ப எழுத்தாகிறது. இதற்கு இரண்டு சாவி. கோயில் உண்டியலை நினைச்சுக்குங்க. காசு போடுகிற வாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, எடுக்கிற சாவி ஒருவரிடம் மட்டும். வாய்தான் பொதுச்சாவி, ஊருக்கே கொடுக்கலாம். எடுக்கிறது தனிச்சாவி, உயிர் போனாலும் கொடுக்கக்கூடாது. இதை 1991இல் பிஜிபி என்ற பெயரில் எழுதி வெளியிட்டவர் அமெரிக்காவின் பில் ஸிம்மர்மேன். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். கணக்கு எழுதியதற்காக அவர் மேல் ஆயுத ஏற்றுமதி என்று விசாரணை தொடங்கி, 1996 வரை இழுத்தடித்துக் கைவிட்டார்கள். ஒரு சூத்திரத்தைத் துப்பாக்கிப் பட்டியலில் வைத்த அரசு அது.

அந்தச் சூத்திரம் இன்றுவரை உடைபடவில்லை. நான் பேசப்போவது அதைப் பற்றி இல்லை, அதைச் சுற்றியிருக்கிற மென்பொருளைப் பற்றி. பூட்டு பலமாக இருந்து நிலை உளுத்துப் போயிருந்தால் என்ன ஆகும்?

2018 மே 14. ஜெர்மனியின் மூன்ஸ்டர், போகும் பல்கலைக்கழகங்களையும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாக்குதலுக்கு அவர்கள் வைத்த பெயர் ஈ-ஃபெயில். இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. நமக்கு வேண்டிய பாடம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

உங்களுக்கு மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு சங்கேதக் கடிதம் வந்தது. வழியில் ஒருத்தன் அதன் நகலை எடுத்து வைத்திருக்கிறான். அவனால் படிக்க முடியாது, வெறும் குழப்பெழுத்து. இப்போ அவன் என்ன செய்கிறான்? அந்தக் குழப்பெழுத்தை உள்ளே வைத்து ஒரு புதுக் கடிதம் உங்களுக்கே அனுப்புகிறான். அதன் முன்னால் ஒரு வரி: “இந்தப் படத்தை என் சர்வரிலிருந்து கொண்டுவா, படத்தின் பெயர் பின்வருமாறு” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிடுகிறான். நடுவில் உங்கள் பழைய குழப்பெழுத்து. அதற்குப் பின்னால் அந்த வரியின் முடிவு. நீங்கள் கடிதத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் அஞ்சல் மென்பொருள் உங்கள் சாவியைப் போட்டுக் குழப்பெழுத்தை அவிழ்க்கிறது. அவிழ்த்த முழுக் கடிதமும் இப்போது “படத்தின் பெயர்” ஆகிவிட்டது. மென்பொருள் விசுவாசமாக அந்தப் பெயரைச் சொல்லி அவனிடமே போய்ப் படம் கேட்கிறது. முடிஞ்சது. சாட்சிகள் பட்டியல் அவன் வீட்டு வாசலில் கிடக்கிறது.

யாரும் பூட்டை உடைக்கவில்லை. சாவியையும் திருடவில்லை. வீட்டுக்காரர் கையாலேயே திறக்க வைத்து, வேலைக்காரன் மூலமாகவே பொருளை வெளியே எடுத்தாச்சு. தண்டர்பேர்டு, ஆப்பிள் மெயில் இரண்டும் இப்படி மாட்டிக்கொண்டன. கடிதத்துக்குள் படம், வண்ணம், இணைப்பு எல்லாம் காட்டவேண்டும் என்ற ஆடம்பரம்தான் ஓட்டை.

இரண்டாவது வழி ஒன்றும் காட்டினார்கள். குழப்பெழுத்தின் உள்ளேயே சில துண்டுகளை மாற்றி, அவிழும்போது அதே மாதிரி படம் கேட்கிற வரி தானாக உருவாகும்படி செய்வது. இதற்குத் தடுப்பு பிஜிபியில் ஏற்கெனவே இருந்தது. களத்தில் நெல் அம்பாரம் குவித்ததும் பண்ணையின் ஆள் வந்து மேலே சாம்பலால் குறி போட்டு வைப்பான் இல்லையா, ஒரு கை நெல் எடுத்தாலும் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். நம்மை நம்பாமல் நமக்காகவே செய்த ஏற்பாடு. அதே மாதிரி ஒரு குறி பிஜிபி கடிதத்திலும் உண்டு, யாராவது கைவைத்தால் கலையும். கொடுமை என்னவென்றால், சில அஞ்சல் மென்பொருள்கள் குறி கலைந்திருப்பது தெரிந்தும் கடிதத்தைத் திறந்து காட்டின. ஒரு எச்சரிக்கை, அதையும் யாரும் பார்க்காத மாதிரி. ஆய்வாளர்கள் சோதித்ததில் எஸ்மைம் முறையில் 35 மென்பொருளில் 23, ஓபன்பிஜிபி முறையில் 28இல் 10 இப்படிக் கடிதத்தை வெளியே விட்டன. எஸ்மைம் என்பது பெரிய கம்பெனிகளும் அலுவலகங்களும் பயன்படுத்துகிற முறை, அதற்கு அப்போது இந்தக் குறியே கிடையாது. பிறகு பெரும்பாலான மென்பொருளைத் திருத்தினார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய ஓபன்பிஜிபி தரத்தில் அந்தக் குறியை இன்னும் பலமாக்கியிருக்கிறார்கள். ஆனால் திருத்தம் வருவது வேறு, நம் அலுவலக மூலையில் இருக்கிற பழைய கணிப்பொறியில் அது ஏறியிருப்பது வேறு.

இது ஒன்றுதானா என்றால் இல்லை. 2014இல் தண்டர்பேர்டோடு சேர்ந்து வேலை செய்த எனிக்மெயிலில் ஒரு பிழை இருந்தது. பெறுநர் எல்லோரையும் மறைநகல் கட்டத்தில் மட்டும் போட்டால், சங்கேதமாக்கு என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் வெறும் எழுத்தாகவே போனது. 2017இல் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கில் இன்னும் வேடிக்கை. எஸ்மைம் முறையில் பூட்டிய கடிதத்தோடு பூட்டாத நகலும் கூடவே போனது. உறைக்குள் ஒன்று, உறைக்கு மேல் ஒன்று ஒட்டி அனுப்பின மாதிரி. அனுப்பியவர் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. 2018இல் கையெழுத்துச் சரிபார்ப்பில் ஓட்டை, வேறொருவர் கையெழுத்துப் போட்ட மாதிரி பச்சை அடையாளம் காட்ட முடிந்தது. 2021இல் தண்டர்பேர்டின் சில பதிப்புகள், உள்ளே கொண்டுவந்த தனிச்சாவியைக் கடவுச்சொல் பாதுகாப்பில்லாமலே வட்டில் சேமித்தன.

எல்லாவற்றையும் மென்பொருள் மேலேயே போட்டுவிட முடியாது, ஆனால் மனுஷன் மேலேயே போடுவதும் அயோக்கியத்தனம். 1999லேயே அமெரிக்காவில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, பிஜிபி கொடுத்து, 90 நிமிஷம் நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். படித்தவர்கள், மின்னஞ்சல் பழகியவர்கள். அவர்களில் மூணு பேர் ரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள். வடிவமைத்தவன் குற்றம் அது. நம் பிள்ளைகளிடம் “உனக்கு இதெல்லாம் வராது” என்று சொல்கிற கணிப்பொறி வாத்தியார்கள் இதைப் படிக்கணும்.

சரி, மென்பொருள் எந்தப் பிழையும் இல்லாமல் வேலை செய்கிறது என்றே வைப்போம். அப்பவும் பிஜிபி மூடாத இடம் உண்டு. யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது மூடாது. பழைய முறையில் தலைப்பு வரியும் மூடாது. உள்ளே கடிதத்தைப் பூட்டிவிட்டு, தலைப்பில் “சாட்சிகள் பட்டியல் — அவசரம்” என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நீங்கள் பூட்டி அனுப்பியதற்குப் பதில் எழுதுகிறவர் பூட்டாமல், உங்கள் கடிதம் முழுவதையும் கீழே ஒட்டி அனுப்பினால் தீர்ந்தது. இன்னொன்று, தனிச்சாவி ஒன்றே ஒன்று. அது ஒருநாள் பிடிபட்டால், அந்தச் சாவிக்கு வந்த பத்து வருஷக் கடிதமும் திறக்கும். சிக்னல் போன்ற செயலிகளில் சாவி ஒவ்வொரு சேதிக்கும் மாறிக்கொண்டே போகிறது, அழிந்ததை மீட்க முடியாது. அதனால் அன்றாடச் சேதிக்கு அது மேல்.

பொதுச்சாவி யாருடையது என்பதும் பெரிய விஷயம். இணையத்தில் நம்ம குத்தாலத்தைத் தேடினால் அருவி இருக்கிற குற்றாலத்தைக் காட்டும். பெயரை நம்பினால் கடிதம் தென்காசிக்குப் போகும், பின்கோடுதான் நிச்சயம். சாவிக்கும் அப்படி ஒரு நீண்ட எண் உண்டு, விரல்ரேகை என்பார்கள். வழக்கறிஞர் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு சாவி செய்து போடலாம். நேரில் பார்க்கும்போது அந்த எண்ணை ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். இதுவரை சொன்னது கடிதம் வெளியே போவது. கடிதம் வழியாக உள்ளே வருவது என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் நம் தோழர்களின் வாழ்க்கை அழிந்தது.

2018 ஜனவரி 1, பீமா கோரேகான் போரின் 200ஆவது ஆண்டு. மஹர் வீரர்களின் நினைவாக அண்ணல் அம்பேத்கர் போய் வணங்கிய இடம். அதற்கு முந்தின நாள் புனேயில் எல்கார் பரிஷத் கூடியது. அடுத்த நாள் கோரேகானுக்கு வந்த தலித் மக்கள் மேல் கல்வீச்சு, வன்முறை. வழக்கு கடைசியில் யார் மேல் திரும்பியது என்று உங்களுக்குத் தெரியும். பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், கவிஞர்கள் என்று 16 பேர் உபா சட்டத்தில் கைதானார்கள். முக்கிய ஆதாரம்: கணிப்பொறியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள்.

டெல்லியில் இருந்த ரோனா வில்சனின் கணிப்பொறியை 2018 ஏப்ரல் 17இல் எடுத்துப்போனார்கள். ஜூன் 6இல் கைது. அந்த வட்டின் நகலை நீதிமன்றம் வழியாகப் பெற்று, அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 பிப்ரவரியில் முதல் அறிக்கை. அவர்கள் சொல்வது: 2016 ஜூன் 13 அன்று, வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வில்சனுக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த ஆவணத்தைத் திறந்து பாருங்கள் என்று. தெரிந்த தோழர், தெரிந்த முகவரி. திறந்தார். திறந்ததும் நெட்வயர் என்ற வேவு மென்பொருள் உட்கார்ந்துகொண்டது. அது வெளிச்சந்தையில் காசுக்குக் கிடைத்த சரக்குதான், 2023 மார்ச்சில்தான் அதன் விற்பனைத் தளத்தை முடக்கினார்கள். 22 மாதம் அந்தக் கணிப்பொறி இன்னொருவர் கையில் இருந்தது. மறைத்து வைத்த ஒரு கோப்புறைக்குள் கடிதங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். அவற்றை வில்சன் ஒருமுறைகூடத் திறந்த தடயம் இல்லை. அந்தக் கணிப்பொறியில் இருந்தது வேர்டு 2007, ஆனால் கடிதங்கள் சில 2010 அல்லது 2013 பதிப்பில் உருவாக்கப்பட்டவை. அந்தக் கோப்புறையில் கடைசியாகக் கைவைத்தது ஏப்ரல் 16 மாலை. விடிந்தால் சோதனை.

நாக்பூரின் தலித் வழக்கறிஞர் சுரேந்திர கட்லிங்கின் கணிப்பொறியிலும் இதே கை என்றது அதே நிறுவனத்தின் இன்னொரு அறிக்கை. அவருக்கு வந்த விஷக் கடிதத்தின் பெறுநர் வரிசையில் ஸ்டேன் சுவாமியும் இருந்தார்.

ஸ்டேன் சுவாமி நம்மாள். திருச்சிப் பக்கம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர், ஜார்க்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபர் 8இல் 83 வயதில் கைது. நடுக்குவாதம், தம்ளரைப் பிடிக்க முடியாது, உறிஞ்சு குழாய்க்கு மனுப்போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5இல் காவலில் இருக்கும்போதே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் இறந்து பதினேழு மாதம் கழித்து, 2022 டிசம்பரில் அவர் கணிப்பொறி பற்றிய அறிக்கை வந்தது. 2014 அக்டோபரிலிருந்து 2019 ஜூன் வரை ஊடுருவல். 2019 ஜூன் 12 அன்று கணிப்பொறியைப் பறிமுதல் செய்தார்கள், அதற்கு முந்தின நாள் ஊடுருவியவர் தன் தடயங்களைத் துடைத்திருக்கிறார். மறுநாள் சோதனை என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. புனேயின் அரசுத் தடயவியல் கூடம் வேவு மென்பொருள் எதையும் கண்டு சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். அதுவும் பதிவாகட்டும். அதேநேரம் சென்டினல்ஒன் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2022 பிப்ரவரியில், குறைந்தது 2012 முதல் இந்தியச் செயல்பாட்டாளர்களைக் குறிவைத்து இயங்கிய ஒரே கும்பல் என்று இதை அடையாளம் காட்டியது. அந்த ஆண்டு ஜூனில் வயர்டு இதழ், ஊடுருவப்பட்ட கணக்குகளில் மீட்பு முகவரியாகவும் எண்ணாகவும் புகுத்தப்பட்டிருந்தவை புனே காவல்துறை அதிகாரி ஒருவரோடு தொடர்புள்ளவை என்று எழுதியது. ரோனா வில்சனுக்கு 2025 ஜனவரியில்தான் பிணை கிடைத்தது. ஆறரை வருஷம்.

கவனிச்சீங்களா, இதில் சங்கேதம் உடைக்கப்படவே இல்லை. வில்சன் உலகத்தின் சிறந்த பிஜிபியை வைத்திருந்தாலும் பயன் இல்லை. நெட்வயர் விசைப்பலகையில் விழுகிற ஒவ்வொரு எழுத்தையும், பூட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருக்கும். ஈ-ஃபெயில் காட்டியதும் பீமா கோரேகான் காட்டியதும் ஒரே இடத்தைத்தான்: கடிதம் திறக்கப்படுகிற இடம். நம் மேசை.

அதனால் அந்த இடத்தைப் பற்றிச் சில வார்த்தை. அஞ்சல் மென்பொருளில் படங்களைத் தானாகக் கொண்டுவருவதை நிறுத்துங்கள், கடிதத்தை வெறும் எழுத்தாகக் காட்டச் சொல்லுங்கள். அசிங்கமாகத் தெரியும், தெரியட்டும். புதுப்பிப்பு கேட்கும்போது “அப்புறம்” என்று தள்ளாதீர்கள். தெரிந்த தோழர் பெயரில் இணைப்பு வந்தால், திறக்கும் முன் அவருக்கு ஒரு போன். “அண்ணே, நீங்கதான் அனுப்புனீங்களா?” அஞ்சு விநாடி வேலை. வழக்குக் கோப்பு இருக்கிற கணிப்பொறியில் படம் பார்க்கிறது, பாட்டு இறக்குகிறது, பக்கத்து வீட்டுத் தம்பியின் பென்டிரைவைச் செருகுகிறது எதுவும் வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல்லில் இயங்குகிற பொது மின்னஞ்சல் கணக்கில் சாட்சி பெயர் ஏறவே கூடாது. சாட்சி பெயரை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்றால், மயிலாடுதுறைக்குப் பஸ் இருக்கிறது, நேரில் போங்கள். கேதம் சொன்ன கால்கள்தானே.

புரோட்டான் போன்ற வெளிநாட்டுச் சங்கேத அஞ்சலுக்குப் போய்விட்டால் போதுமா என்று ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். உள்ளடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் 2021இல் ஸ்விஸ் சட்டப்படி உத்தரவு வந்ததும், பிரான்சின் சூழலியல் போராளி ஒருவரின் இணைய முகவரியை அவர்களே பதிந்து கொடுக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு அதன் வழியாக வெடிகுண்டு மிரட்டல் வந்தபோது, தமிழகக் காவல்துறை கேட்டு, அந்தச் சேவையையே நாட்டில் முடக்குவது பற்றி ஒன்றிய அரசு ஆலோசித்தது. ஒரே கதவை நம்பாதீர்கள்.

இன்னொரு சீட்டு, சட்டம் பற்றி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 69ஆம் பிரிவுப்படி, சங்கேதத்தை அவிழ்த்துக்கொடு என்று அரசு உத்தரவிடலாம், மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. தன் மேல் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியல் சட்டத்தின் 20(3) இருக்கிறதே என்றால், கடவுச்சொல் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. வழக்கறிஞர் இல்லாமல் அந்த விவாதத்தைக் காவல் நிலையத்தில் நடத்த வேண்டாம்.

கணிப்பொறியை எடுத்துப்போக வந்தால் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ஹேஷ் மதிப்பு. வட்டில் உள்ள மொத்தத்தையும் கணக்கிட்டு வருகிற ஒரு நீண்ட எண். ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் மாறும். அம்பாரத்தில் போட்ட சாம்பல் குறியேதான், இந்தமுறை குறி போடச் சொல்வது நாம். பறிமுதல் செய்த இடத்திலேயே எண்ணை எடுத்து மகஜரில் எழுதி, நகல் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த எண்ணுக்கு இடம் இருக்கிறது. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் மறுத்தார்கள் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். பறிமுதலுக்கு முன்பே உள்ளே போட்டுவிட்ட கோப்பை இந்த எண் காட்டிக்கொடுக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு நடக்கிற கைவேலையைத்தான் தடுக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மூலையில் மூணு மடிக்கணினி வைத்திருக்கிறோம். சாவி உண்டாக்குவது, விரல்ரேகை ஒத்துப்பார்ப்பது, படத்தை நிறுத்துவது மூன்றையும் கையால் செய்து பார்க்கலாம். பெண் தோழர்கள் முதலில் உட்காருங்க. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் எடுத்து வாங்க, உங்கள் சாவியின் எண்ணை எழுதிக்கொண்டு போகணும்.